உதடு அசையாமல்

ஜனவரி 9

அன்புள்ள பெரியவளுக்கு,

இங்கே நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலந்தானே? உன் கடிதம் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. உடனே பதில் போடவில்லை என்று திட்டாதே. இங்கே நடந்த அமர்க்களத்தைக் கேட்டால் நீயே மன்னித்துவிடுவாய்.

சனிக்கிழமைக் காட்சியின் நடுவில் குட்டியின் மரத்தாடையை இழுக்கிற கம்பி அறுந்துவிட்டது. திறந்த வாய் திறந்தபடி நிற்கிறது. முன்வரிசையில் முதலாளியின் சம்பந்தி வீட்டார் வேறு. நான் அசரவில்லை. குட்டிக்குப் பல்வலி என்று சொல்லி, என் கைக்குட்டையால் அவள் தாடையைத் தலையோடு சேர்த்துக் கட்டிவிட்டு, மீதி நேரம் முழுக்க அவளை முனக மட்டும் வைத்தேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. காட்சி முடிந்ததும் முதலாளி உள்ளே வந்து, தினமும் பல்வலி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கத்தி வீசுகிறவர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு அன்றைக்குக் கைதட்டல் குறைவு.

உனக்குக் குழந்தை வரப்போகிறது என்று தெரிந்ததிலிருந்து குட்டிக்கு ஒரே பொறாமை. அதை அப்படியே மேடையில் ஏற்றிவிட்டேன். மேசைமேல் ஒரு சின்னத் தொட்டில் இருக்கும். அதைப் பார்த்ததும் அவள், "ஐயா, தொட்டில் யாருக்கு?" என்பாள். உனக்கில்லை, பெரியவளுக்குப் பிறக்கப்போகிற பாப்பாவுக்கு என்பேன். உடனே அதில் ஏறிப் படுத்துக்கொண்டு, இறங்காமல் ஒரே அடம். இப்போது எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். என் மற்ற வேடிக்கையெல்லாம் யாருக்கும் வேண்டாமாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். தண்ணீர் தூக்காதே. மாப்பிள்ளை தூக்கட்டும், கை ஒன்றும் தேய்ந்துவிடாது.

உன் அப்பா

குட்டி சொல்கிறாள்: அக்கா, ஐயா சட்டையிலே ரெண்டு கிழிசல். ஊசி எங்கே?

•

ஜனவரி 20

அன்புள்ள அப்பாவுக்கு,

ஊசியும் நூலும் உங்கள் பெட்டியின் பக்கப் பையில், நான் வைத்துக் கொடுத்த இடத்திலேயே இருக்கின்றன என்று குட்டியிடம் சொல்லுங்கள். தேடாமலே இல்லை என்று சொல்லும் பழக்கம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

என் மாமியார் கதையை மேடையில் சொன்னீர்களாமே! எங்கள் பள்ளிக்கூடத்து டீச்சருக்கு அண்ணன் வீடு நீங்கள் இப்போது இருக்கிற ஊரில்தான். போனவர் காட்சியைப் பார்த்துவிட்டு வந்து, என் ஆபீஸ் அறையில் நடித்தே காட்டினார். மாப்பிள்ளையின் குறட்டையையும் விடவில்லையாம். இனிமேல் உங்களுக்குக் கடிதம் எழுதுவதற்கு முன்னால் யோசிக்க வேண்டும் போலிருக்கிறது. நான் இங்கே தும்மினால் குட்டி அங்கே மூக்கைத் துடைக்கிறாள்.

இங்கேயும் தொட்டில் வந்துவிட்டது. மாப்பிள்ளை பலகையெல்லாம் வாங்கிவந்து தானே பூட்டினார். ஒரு பக்கப் பலகையைத் தலைகீழாக வைத்து முடுக்கிவிட்டார். அதில் செதுக்கியிருந்த குருவி மல்லாந்து கிடக்கிறது. கழற்றப் பார்த்தால் திருகு அசையவில்லை. இருக்கட்டும், பாப்பாவும் படுத்துக்கொண்டுதானே பார்க்கப்போகிறாள் என்று சொல்லிவிட்டேன். அவளோ அவனோ, எனக்கு அவள்தான்.

மதியம் படுத்திருக்கும்போது அவள் என்னோடு பேசுகிற மாதிரி நினைத்துக்கொள்வேன். அப்போது என் காதில் கேட்பது குட்டியின் குரல். அது என்னுடைய ஆறு வயதுக் குரல் என்று அம்மா சொல்வாள். நான் பேசப் பேசப் பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் படித்துக்கொண்டீர்களாம். என் மகளுக்கும் அதுதானே வரும்?

சின்ன வயதில், குட்டி ஒரு தடவை "அம்மா" சொல்ல வேண்டும் என்று நான் அழுதது நினைவிருக்கிறதா? அந்தச் சொல்லுக்கு உதடு ஒட்ட வேண்டும், ஒட்டினால் அசைவது தெரியும், தெரிந்தால் உன் அப்பன் பிழைப்பு போய்விடும் என்று சமாதானம் செய்தீர்கள். "அப்பா"வுக்கும் அதே கதிதான். அதனால்தானே பாவம், உங்களை அவள் ஐயா என்கிறாள். என் பாப்பாவுக்கு அந்தத் தொல்லை கிடையாது. வாய் நிறையக் கூப்பிடுவாள்.

உங்கள் பெரியவள்

•

பிப்ரவரி 17

அப்பா,

பாப்பா போய்விட்டாள். வயிற்றிலேயே துடிப்பு நின்றுவிட்டதாம். காரணம் யாருக்கும் தெரியவில்லை.

பெண்தான். கொஞ்ச நேரம் என் கையில் கொடுத்தார்கள். தலை நிறைய முடி. நகமெல்லாம் வளர்ந்திருந்தது.

நேற்று வீட்டுக்கு வந்துவிட்டேன். மாப்பிள்ளை தொட்டிலை அப்புறப்படுத்தப் போனார், நான் விடவில்லை. அவர் அந்த அறைக்குள் வருவதே இல்லை.

முடிந்தால் வாருங்கள் என்று எழுதமாட்டேன். வாருங்கள்.

பெரியவள்

•

பிப்ரவரி 24

அன்புள்ள பெரியவளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படித்தேன்.

கொட்டகைக்காரருக்கு மாத முடிவுவரை வாக்குக் கொடுத்திருக்கிறோம். அதற்குமுன் அனுப்ப முடியாது என்று முதலாளி சொல்கிறார். இங்கே நாலு நாளாக மழை. தங்கியிருக்கிற அறை ஒழுகுகிறது. கட்டிலை நகர்த்தினால் ஒழுகலும் கூடவே நகர்கிறது. சைக்கிள் வித்தைக்காரருக்குக் காய்ச்சல்.

நன்றாகச் சாப்பிடு. குளிர்ந்த தண்ணீரில் கை வைக்காதே. மாப்பிள்ளையையும் பார்த்துக்கொள். எல்லாம் சரியாகும்.

உன் அப்பா

குட்டி சொல்கிறாள்: அக்கா, அழாதே. நான் இருக்கேன் இல்லையா.

•

மார்ச் 6

அப்பாவுக்கு,

டீச்சர் மறுபடியும் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தார். பிள்ளைகள் கேட்டார்கள் என்று உங்கள் காட்சிக்கு அழைத்துப் போயிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. மாப்பிள்ளையிடம் வாய் தவறிச் சொல்லி, அவர் என்னிடம் மறைக்கத் தெரியாமல் மறைத்து, நேற்று வெளியே வந்தது.

அன்றைக்கும் மேசைமேல் தொட்டில் இருந்ததாம். யாருக்கு என்று குட்டி கேட்டாளாம். பிறகு அவளே, "பாப்பா போயிட்டா" என்றாளாம். கொட்டகை முழுக்கச் சிரித்ததாம்.

என் மாமியாரைச் சொன்னீர்கள், பொறுத்துக்கொண்டேன். குறட்டையைச் சொன்னீர்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். இதையுமா அப்பா?

அம்மா இறந்த அன்று எனக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் மட்டும் திரும்பியிருந்தீர்கள். கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், மடியில் குட்டி. அவள்தான் எனக்குச் சொன்னாள். "அக்கா, இனி சடை கட்ட ஆள் இல்லை." பின்ன என்றுகூடச் சொல்லவில்லை, கட்ட என்றாள். அந்த நேரத்திலும் உதடு ஒட்டாத சொல்லாகத் தேடி எடுத்திருக்கிறீர்கள். அம்மா இறந்ததைப் பற்றி உங்கள் வாயிலிருந்து இன்றுவரை ஒரு வார்த்தை வந்ததில்லை. இப்போது என் குழந்தைக்கும் அந்த மரக்கட்டைதான் ஆறுதல் சொல்கிறது. அப்பா எழுதியது மழை, ஒழுகல், சைக்கிள்காரர் காய்ச்சல்.

அந்தக் குரல் என்னுடையது. என் மகளுக்கென்று நான் வைத்திருந்தது. அதை இனி எடுக்காதீர்கள்.

வரவும் வேண்டாம்.

•

மார்ச் 19

அன்புள்ள பெரியவளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ சொன்னபடியே செய்துவிட்டேன்.

முதலில் குட்டிக்கு ஒரு கிழவியின் குரலைக் கொடுத்துப் பார்த்தேன். எடுபடவில்லை. பிறகு கனத்த ஆண்குரல். முன்வரிசையில் ஒரு குழந்தை பயந்து வீறிட்டது. முதலாளி நல்ல மனிதர்தான், ஒரு வாரம் பொறுத்தார். இப்போது திரை இழுக்கும் வேலை கொடுத்திருக்கிறார். கயிறு முரடு, உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. அதுவும் பழகிவிடும். கத்தி வீசுகிறவர் இப்போதெல்லாம் என்னிடம் மிகவும் அன்பாக இருக்கிறார்.

குட்டி பெட்டிக்குள் இருக்கிறாள். ஈரம் ஏறாமலிருக்கத் துணி சுற்றி வைத்திருக்கிறேன்.

உனக்கு ஒன்று எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. கை பாட்டுக்குத் திரைக்கயிற்றைப் பற்றி எழுதுகிறது.

உன் அப்பா

•

மே 2

அப்பாவுக்கு,

நான் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள். அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

நேற்று மதியம் டீச்சரை என் பக்கத்தில் உட்கார வைத்து, அன்றைக்குப் பார்த்ததை ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னேன். முதலில் மாட்டேன் என்றார். குட்டி பேசியதும் பின்வரிசையிலிருந்து ஒருவர், "யோவ், உதடு அசையுதுய்யா" என்று கத்தினாராம். அதற்குத்தான் எல்லோரும் சிரித்தார்களாம். இத்தனை நாள் நான் கேட்கவில்லை, அதனால் அவரும் சொல்லவில்லை.

உங்களுக்குக் கடும் ஜுரம் அடித்தபோது பார்த்திருக்கிறேன். மேடையில் காலில் ஆணி ஏறி ரத்தம் வழிந்தபோதும் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் உங்கள் உதடு அசைந்ததில்லை. பாப்பா என்று சொல்லக் குட்டியால் முடியாது. உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சடை கட்ட என்று, உங்களைத் திட்டிய அதே கடிதத்தில் எழுதியிருக்கிறேன், அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அப்படியானால் அதைச் சொன்னது யார்?

எழுதுங்கள். மழை வேண்டாம், கயிறு வேண்டாம், அதை மட்டும் எழுதுங்கள்.

உங்கள் மகள்

•

மே 11

அன்புள்ள பெரியவளுக்கு,

மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இது எப்படி வந்தாலும் அனுப்பிவிடுவேன்.

பிப்ரவரியில் உன் கடிதம் மேடைக்குப் போகிற நேரத்தில் வந்தது. ஒப்பனை அறையில் நின்றபடியே படித்தேன். யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தொட்டிலை மட்டும் எடுத்து மேசைக்கு அடியில் மறைத்து வைத்துவிட்டு ஏறினேன். பல்வலி வேடிக்கையைச் செய்தேன். கூட்டம் விடவில்லை. தொட்டில், தொட்டில் என்று ஒரே கூச்சல். நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து, கத்தி வீசுகிறவர் நல்ல எண்ணத்தில் ஓடிவந்து அதை மேசைமேல் எடுத்து வைத்துவிட்டார்.

அதைப் பார்த்ததும் பழகின கை தானாகக் குட்டியைத் திருப்பிவிட்டது. யாருக்கு என்று அவள் கேட்டுவிட்டாள். பதில் நான் சொல்ல வேண்டியது. பெரியவளுக்குப் பிறக்கப்போகிற பாப்பாவுக்கு என்று எப்படிச் சொல்வேன்? வாயைத் திறந்தேன். என் குரல் வரவில்லை. அவள் குரல்தான் வந்தது. உதடு என்னுடையது. ஒட்டியதும் பிரிந்ததும் அத்தனை பேருக்கும் தெரிந்தது. என்னால் அடக்க முடியவில்லை, அம்மாடி. அவர்கள் சிரித்தார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன். யாரோ திரையை இழுத்துவிட்டார்கள்.

இதை முன்பே எழுதியிருக்கலாம். ஆனால் நீ எழுதியது பொய்யில்லையே. உன் அம்மா போன அன்றும் என் வாயால்தான் சொல்லப் பார்த்தேன். தொண்டை அடைத்துக்கொண்டது. எனக்கு எப்போதும் அடைக்கும், குட்டிக்கு அடைப்பதில்லை. அதனால் அவளிடமே விட்டுவிட்டேன். இப்போது அவளும் வாயைத் திறப்பதில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் எனக்குள்ளேயே கிடக்கிறது.

முதலாளி அனுப்பாததால் நான் வராமல் இருக்கவில்லை. வந்து உன் முன்னால் பேச்சில்லாமல் நிற்பேனே என்று பயந்தேன்.

பேத்தியை நான் பார்க்கவே இல்லை. தலை நிறைய முடி என்று எழுதியிருந்தாய். நீயும் அப்படித்தான் பிறந்தாய். அந்த ஒரு வரியைப் படிக்கிறேன், மடித்து வைக்கிறேன், மறுபடியும் எடுக்கிறேன். எனக்கு அழ வேண்டும்.

உன் அப்பா

•

மே 20

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே வந்து அழுங்கள். எந்த வண்டி என்று எழுதினால் மாப்பிள்ளை வந்து நிற்பார். அவரும் இன்னும் அழவில்லை. நீங்கள் ஆரம்பித்தால் ஒருவேளை அவருக்கும் வரும்.

நீங்கள் பேச்சில்லாமல் நின்றாலும் பரவாயில்லை. நானும் முன்போல வாயாடி இல்லை.

தொட்டில் அப்படியே இருக்கிறது. அதைக் கழற்ற வேண்டும். தலைகீழ்ப் பலகையின் திருகு உங்கள் கைக்குத்தான் படியும், குட்டியின் தாடையை எத்தனை தடவை கழற்றிப் பூட்டியிருக்கிறீர்கள்! ஒவ்வொன்றாக என் கையில் கொடுங்கள். நான் பக்கத்திலேயே இருப்பேன்.

ஒரு விஷயம் உங்களுக்கு எழுதவில்லை. இன்னொரு குழந்தையை என் உடம்பு தாங்காது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்குத் தெரியும். அம்மா என்று என்னைக் கூப்பிட இனி யாரும் வரப்போவதில்லை.

அந்தக் குரலை எடுக்க வேண்டாம் என்று சொன்னவள் நான்தான். ஒரே ஒரு தடவை எடுங்கள். குட்டியைக் கொண்டுவர வேண்டாம், அவள் பெட்டியிலேயே இருக்கட்டும். தொட்டிலைக் கழற்றுவதற்கு முன்னால், அதன் பக்கத்தில் நின்று, அந்தக் குரலில் என்னை அம்மா என்று கூப்பிடுங்கள்.

உங்கள் உதடு அசையட்டும். நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

உங்கள் பெரியவள்