ஆரஞ்சுத் தோலில் நெருப்பு

செல்லக் கண்ணா,

மாதுங்காவில் நல்ல குளிர். அப்பாவுக்கு இருமல் விடவில்லை.

நீ பாரில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து, அவர் உன்னோடு பேசாத இந்த மூன்று வருஷமும், நீ பானம் கலந்து காட்டும் வீடியோக்களை அவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்றுச் சாயங்காலம் ஒன்றைச் செய்தே பார்த்தேன். குளிருக்கென்று நீ சொன்ன பிராந்தி, வெந்நீர், தேன், கிராம்பு. மருந்துக்காக எப்போதோ வாங்கி ஒளித்துவைத்த பிராந்திதான். அலுங்காமல் ஊற்றச் சொன்னாய். பழக்கம் விடுமா? டபராவில் விட்டு, காப்பி மாதிரி உயரத் தூக்கி ஆற்றிவிட்டேன். வீடெல்லாம் வாசனை! அப்பா அடுக்களைக்கே வந்துவிட்டார்.

அவர் முன்னாலேயே, நீ காட்டியபடி ஆரஞ்சுத் தோலைத் தீக்குச்சிக்கு நேராகப் பிழிந்தேன். பழத்தோலுக்குள் இத்தனை நெருப்பா, கண்ணா! மத்தாப்பாகச் சொரிந்தது. அப்பா கிட்டே வந்து பார்த்தார்.

"இதைத்தான் பண்றானா அவன்?"

"ஆமான்னா."

டம்ளரை வாங்கி மெதுவாகக் குடித்து முடித்தார்.

இன்று காலை அவரே ஒரு டஜன் ஆரஞ்சு வாங்கி வந்தார். மத்தியானத்துக்குள் ஐந்தை உரித்துவிட்டார், தீப்பெட்டியும் காலி.

"எனக்குப் பொறி வரலை. தெரிஞ்சவன் வந்து காட்டட்டுமே" என்கிறார்.

ஏழு பழம் மீதி இருக்கிறது.

உன்
அம்மா