ஜாதிக்காய் அளவு பம்பும் என் மகளும்

என் அருமை சாதிக் மச்சான்,

நீ கண்மூடிய பிறகும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் எல்லாம் அப்படியேதான் இருக்கிறது, நீதான் இல்லை. எதிர் மேசையில் உன் இடத்தில் இப்போது ஒரு கேமரா. நான் பூட்டி முடித்த பம்பைப் பார்த்துவிட்டு, பிழை இருந்தால் சிவப்பு விளக்கு போடும். நீயென்றால், "எருமை, மறுபடி கழட்டுலா!" என்பாய். விளக்குக்கு அந்தப் பாசம் ஏது?

தூசு புகாத அறைக்குள் போகுமுன் ஈரத்துணியால் என் திருநீற்றைத் துடைத்துவிடுவாயே, "சாமி லாக்கர்லயே இருக்கட்டும், மச்சான்" என்று. இப்போது நானே துடைத்துக்கொள்கிறேன். பாதி நெற்றிதான் துடைபடுகிறது.

சேதி கேள். நம் தேவிக்கு வேலை கிடைத்துவிட்டது. ரசாயனம் கசிந்த இடத்துக்குக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு போய், காற்றில் என்ன விஷம் என்று பார்க்கும் வேலை. எல்லாரும் வெளியே ஓடிவரும்போது என் பிள்ளை உள்ளே போவாளாம்! அவள் அம்மா சரியென்றுவிட்டாள். நான்தான் சாப்பிடாமல் முரண்டு பிடித்தேன். நீ இருந்திருந்தால் யார் பக்கம் பேசியிருப்பாய்?

அந்தக் கருவிக்குள் சுழல்வது நம் பம்புதான். பச்சை ஜாதிக்காய் அளவுதான் இருக்கும். ஆனால் உள்ளேயிருக்கும் காற்றை அது உறிஞ்சி வெளியேற்றி வெற்றிடமாக்கினால்தான் கருவியால் விஷத்தை இனம் பிரிக்க முடியும். தேவியிடம் பெருமையாகச் சொன்னேன்.

"நீங்க பூட்டுனதாப்பா? அப்ப நான் போகல!" என்றாள்.

"பழைய கருவிதானேம்மா. சாதிக் மாமா பாத்து பாஸ் பண்ணது."

"அப்படின்னா போறேன்."

சிரித்துவிட்டேன், மச்சான். சிரித்த வாயால் எப்படி வேண்டாம் என்பது?

நேற்று முதல்முறையாகப் போனாள். கடலுக்கு அக்கரையில் ஒரு கிடங்கில் கசிவு. நான் விடாமல் போன் அடித்தேன். வெளியே வந்ததும் கத்தினாள்: "முகமூடி போட்டுக்கிட்டு எப்படிப்பா போன் பேசுறது? பையில அது அலறிக்கிட்டே இருந்துச்சு, எனக்குக் கருவியில கவனமே நிக்கல!"

சுரீரென்றது. அவளுக்கு ஆபத்து வந்துவிடுமோ என்று பயந்த நானே ஆபத்தாகிவிடுவேன் போலிருக்கிறதே?

அதனால் உனக்கு ஒரு வாக்கு. இனி அவள் உள்ளே போனால், அவளாகக் கூப்பிடும்வரை நான் கூப்பிட மாட்டேன். நேராக ஆயர் ஈத்தாமுக்கு, உன் வீட்டுக்குப் போவேன். உன் மனைவி, என் தங்கச்சி, தேநீர் ஊற்றித் தரும்; தேவிக்காகத் துஆவும் கேட்கும். இரண்டு பேருமாக உட்கார்ந்து பயப்படுவோம். என் போன் தங்கச்சி கையில் இருக்கும்.

உன் மச்சான்,
உன் பிள்ளைகளின் மாமன்,
முனியாண்டி