மார்கழியில் யானை பார்க்க

வெள்ளவத்தை
12.03.1979

அன்பின் ஜெயமலர்,

இத்தனை வருடத்துக்குப் பிறகு லீலா கடிதம் போடுகிறாளே, ஏதோ அலுவல் இருக்கும் என்று நினைப்பீர். நினைத்தது சரிதான், கோபிக்கக் கூடாது.

எங்கள் சுபோதினிக்கு ஒரு சம்பந்தம் பேசி வருகிறது. மாப்பிள்ளை லண்டனில் டொக்டர். பெண் பார்க்கிற சடங்கு தனக்குப் பிடிக்காதாம். லீவில் வரும்போது இரண்டு குடும்பமும் யால காட்டுக்கு ஒரு பயணம் போனால் யானையையும் பார்க்கலாம், பிள்ளையோடு கதைக்கவும் வசதி என்று எழுதியிருக்கிறார். லீவு வருடத்தில் ஒருமுறைதான். ஆடியில் எடுக்கவா, மார்கழியில் எடுக்கவா என்று எங்களைக் கேட்கிறார். என்ர மனுசனுக்குக் கந்தோர் வேலையை விட்டால் வேறொன்றும் தெரியாது.

பதுளையில் நாங்கள் ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்த பிறகு நீர் மொனராகலையில் ஐந்து வருடம் இருந்தீர் அல்லவா? அங்கே பள்ளிக்கூட வேலி வரை யானை வரும் என்று சொன்ன ஞாபகம். அந்த இடமாற்றம் அப்போது கஷ்டம்தான், ஆனால் பாரும், இன்றைக்கு எங்களுக்கு உதவுகிறது! இதற்கு முன் இரண்டு சம்பந்தம் தட்டிப் போயிற்று. இதுவும் தவறினால் என்னால் தாங்க முடியாது. ஒரு மாதத்தைச் சொல்லும். நீர் சொன்னதே முடிவு.

உமது
லீலாதேவி

பதுளை
21.03.1979

அன்பின் லீலா,

கடிதம் கண்டேன். தொட்டிலில் பார்த்த சுபோதினிக்குச் சம்பந்தம் பேசுகிற வயது வந்துவிட்டதா! நான் சுகம். அம்மா இல்லாத வீடு பழகிவிட்டது.

பயணத்துக்கு வருவோம். ஆடியில் அந்தப் பக்கம் வெயில் நெருப்பாக எரிக்கும். குளங்கள் வற்றிவிடும், பற்றைகள் காய்ந்து கருகிக் கிடக்கும், ஜீப்பில் போனால் புழுதி தலைமயிர் வரை ஏறும். மாப்பிள்ளையின் தாயாரை அந்தப் புழுதிக்குள் கூட்டிக்கொண்டு திரிவது உமக்கு மரியாதையாக இராது. மார்கழி என்றால் காடு பச்சைப் பசேலென்று இருக்கும். வெக்கை இல்லை. மிருகங்களுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீரும் புல்லும்தான். ஆட்கள் குறைவு, அங்கே தங்குகிற பங்களாவும் லேசாகக் கிடைக்கும். இன்னொன்று, மார்கழியில் போய்வந்தால் அடுத்தது தை. இரண்டு பேருக்கும் மனம் ஒத்துவிட்டால் அவருடைய லீவு முடிவதற்குள் கலியாண எழுத்தையே வைத்துவிடலாம்.

மொனராகலையில் ஐந்து மார்கழி இருந்தவள் சொல்கிறேன். யோசியாமல் போய்வாரும்.

ஜெயமலர்

(தபாலட்டை)
02.04.1979

ஜெயமலர், மார்கழி என்றே லண்டனுக்கு எழுதிவிட்டோம். எழுத்தைப் பற்றி நீர் சொன்னது என்ர மனுசனுக்கு நல்லாப் பிடித்துவிட்டது. ஜெயமலர் அன்ரி சொன்னால் பிழைக்காது என்கிறாள் சுபோதினி. முதல் யானைப் படம் உமக்குத்தானாம்.

லீலா

வெள்ளவத்தை
04.01.1980

ஜெயமலர்,

என்ன காரியம் செய்தீர்?

திஸ்ஸ ஊரைத் தாண்டியதும் பிடித்த மழை, நாங்கள் திரும்பும் வரை விடவில்லை. ஜீப் சேற்றில் புதைந்து மாப்பிள்ளையே இறங்கித் தள்ளினார். யானையின் வாலைக்கூடக் காணவில்லை. ஜீப் ஓட்டிய அழகர் உங்கள் நமுனுகுலப் பக்கத்து ஆள். அவரிடம் கேட்டதற்குச் சிரிக்கிறார். “காடு முழுக்கத் தண்ணி கெடக்கு, யானை எதுக்குங்க வெளிய வரப்போகுது? ஆடியில வந்திருக்கணும்” என்றார். என்ர மனுசன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை நான் சாகும் வரை மறக்கமாட்டேன்.

ஆறு பெருகி இரண்டு நாள் பங்களாவுக்குள் அடைபட்டுக் கிடந்தோம். கூரை ஒழுகி மாப்பிள்ளையின் தாய்க்குக் காய்ச்சல் பிடித்தது. “ஒரு பயணத்துக்கே இவ்வளவு தடங்கல் எண்டால் இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம்” என்று சுபோதினியின் காதுபடவே சொன்னா. இப்போது வேறிடத்தில் பேசுகிறார்களாம். பிள்ளை அறையை விட்டு வெளியே வருகிறாளில்லை.

உமக்கு இது தெரியாமலா இருந்தது? தெரியாது என்று ஒரு வரி எழுதும், நான் நம்பிவிடுகிறேன்.

லீலா

பதுளை
15.01.1980

லீலாதேவிக்கு,

தெரியும்.

என் கடிதத்தை எடுத்து இன்னொருமுறை வாசித்துப் பாரும். காடு பச்சையாக இருந்ததா இல்லையா? திரும்பின பக்கமெல்லாம் தண்ணீர் இருந்ததா இல்லையா? அதனால் மிருகம் வெளியே வராது என்பதை மட்டும் எழுதாமல் விட்டேன். இந்த வித்தையை நான் உம்மிடம்தான் படித்தேன்.

நம் இருவரில் ஒருவர் மொனராகலைக்குப் போக வேண்டும் என்று வந்தபோது கல்வி அதிகாரியிடம் நீர் என்ன சொன்னீர்? “ஜெயமலர் ரீச்சர் வியாழக்கிழமை பின்னேரத்தில பள்ளிக்கூடத்தில நிக்கிறதில்லை.” உண்மைதான். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்பதையும், ‘போய்வாரும், நான் வகுப்பைப் பார்க்கிறேன்’ என்று என்னை அனுப்பியதே நீர்தான் என்பதையும் விட்டுவிட்டீர். அந்த அதிகாரியே எனக்குச் சொன்னார். கைக்குழந்தைக்காரி, பயத்தில் சொல்லிவிட்டாள் என்று முதல் வருடம் பொறுத்துக்கொண்டேன்.

அடுத்த மார்கழியில் அம்மாவுக்குக் கடுமை என்று தந்தி வந்தது. பசறைப் பாதையில் மண் சரிந்து பஸ் இல்லை. நாலு நாள் மொனராகலை பஸ் நிலையத்தில் நனைந்துகொண்டு நின்றேன். வந்து சேர்ந்தபோது அம்மாவை எரித்துக் காடாற்றும் முடிந்துவிட்டது. நீர் வாசலில் நின்று என்னைக் கட்டிப்பிடித்து அழுதீர். உம்மைத் தள்ளிவிடக்கூட அன்றைக்கு எனக்குச் சீவன் இல்லை. எனக்கு அப்படியொரு மார்கழியைத் தந்தவர் நீர். அதைத்தான் திருப்பித் தந்திருக்கிறேன்.

சுபோதினி மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. தபாலட்டையில் அவள் சொன்னதை வாசித்ததும் பேனாவை எடுத்தேன், வேண்டாம், ஆடியில் போங்கோ என்று எழுதுவதற்கு. அம்மாவின் படம் எதிரே இருந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டேன். பிள்ளை அழுகிறாள் என்றால் இந்தக் கடிதத்தை அவளிடம் கொடும், யாரால் என்று அவளும் அறியட்டும். நீர் கொடுக்கமாட்டீர் என்றும் எனக்குத் தெரியும்.

நீர் கேட்டதற்கு முழுப் பதிலையும் இப்போது சொல்லிவிடுகிறேன். யானை பார்க்க ஆடிதான் நல்லது. மற்றக் குளமெல்லாம் வற்றினால் யானை எப்படியும் மிச்சத் தண்ணீருக்கு வந்துதான் ஆகவேண்டும். கரையில் சத்தம் போடாமல் இருந்தால் போதும். நான் இருபது வருடத்துக்கு மேல் அப்படித்தான் இருந்தேன். போன பங்குனியில் உமது கடிதம் வந்தது.

ஜெயமலர்