கல் நடாத நடைபாதை

11-6-2024, செவ்வாய்

இன்று தெருவில் இருந்தவர்கள்: இன்ஜினியர் துளசிராமன், தண்ணி கேன் கடை மோசஸ், என் நாத்தனார் ஆரோக்கியமேரி, என் மகன் லோகு, அவன் மகள் பிரின்சி, நான்.

நடைபாதை வரப்போகுது. பால்வாடியும் மாதா கோயிலும் ஒரே பக்கம்தான், ஆனா போறதுக்குள்ள சிப்காட் லாரி முந்தானையை உரசிக்கினு போவுது.

"உயரமா கட்டினாதான் வண்டி ஏறாதும்மா" என்றார் இன்ஜினியர்.

"வண்டியும் ஏறாது, கெழவியும் ஏற மாட்டா. அந்தக் கொழந்தை கால் எம்மாத்தம், பாருய்யா" என்றேன்.

சரி, தாழ்வா கட்டுறேன், ஆனா ஓரத்துல கல் நடணும் என்றார். லோகு குறுக்கே வந்தான்: "கல்லெல்லாம் வேணாம் சார். எங்க தெருவுல எவன் வண்டிய ஏத்தப்போறான்?"

2-8-2024, வெள்ளி

நடைபாதை போட்டாச்சு, தாழ்வாத்தான்; லோகு சொன்னபடி கல் நடல. பிரின்சி என் கையை உதறிட்டு அதுமேல முன்னால் ஓடினாள். முட்டி வலிக்காரி ஆரோக்கியமேரி பின்னால் வந்தாள். "இன்னாடி, மவராணி மாதிரி நடக்குறோம்!"

என் மக மோனிகா ஞானஸ்நானத்துக்கு வந்து, கறிசோறு ஆக்கி வச்சும் கை நனைக்காம போனவ இவ. மறக்கல. இருந்தாலும் சிரிச்சேன்.

5-8-2024

மோசஸ் நடைபாதையில் கேன் அடுக்கிட்டான். கத்தினேன். எடுத்துட்டான்.

12-8-2024, திங்கள்

காலையில பார்த்தா நடைபாதை மேல லோகுவோட லோடு வண்டி!

"ரோட்டுல வுட்டா லாரிக்காரன் கண்ணாடிய ஒடைக்கிறாம்மா. வழி வுட்டுதான் நிறுத்திகிறேன்."

எங்கடா வழி? பூனை போவும்.

மோசஸ் சிரிக்கிறான். "இன்னா ஆயா, என் கேனுக்குதான் உன் வாயா?" கேன் எல்லாம் திரும்பி வந்தாச்சு.

13-8-2024

சொன்னேன். எடுக்கல.

14-8-2024

சொன்னேன். "ரெண்டு நாள்மா" என்கிறான்.

18-8-2024, ஞாயிறு

ஆரோக்கியமேரி பூசைக்குப் போனா. வண்டியச் சுத்தி ரோட்டுல எறங்கினா — பைக் அடிச்சுடுச்சு. இடுப்பெலும்பு ஒடஞ்சுபோச்சு. இனிமே நடப்பாளா?

லோகு அவளையே கேக்குறான்: "பாத்து எறங்க வேணாமா அத்த?"

எறங்குறதுக்கா நடைபாதை போட்டோம்? இன்னா பேச்சுடா இது!

8-9-2024, ஞாயிறு

மாதா திருநாள். நேற்று ஓரத்தில் கல் நட்டுவிட்டார்கள். லோகுவோட வண்டி ரோட்டில் நிற்கிறது, கண்ணாடி முழுசாத்தான் இருக்கு.

ஆரோக்கியமேரி கட்டிலில் படுத்துக்கொண்டே கேட்டாள்: "பிரின்சி நடைபாதையிலயா நடந்து போச்சு?"

"ஓடிச்சு."

"உன் புள்ளைய வையாதடி. தெரியாம செஞ்சுட்டான்."

கறிசோறு விஷயத்தை இன்றோடு விட்டேன். ஃபாதர் எல்லாரையும் மன்னிக்கச் சொன்னார். பைக் ஓட்டினவனை மன்னிச்சேன். மோசஸையும்.

ஒருத்தனை மட்டும் முடியாது.

லோகு.