பழைய டியூபும் புதுப் படகும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன், அப்படி இல்லையென்றாலும் இருப்பதாகவே என்னிடம் சொல்லு. இங்கே நானும் அம்மாவும் அண்ணியும் எழுந்து நடமாடுகிறோம், அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. அம்மாவுக்கு முட்டி வீக்கம் குறைந்திருக்கிறது. வீட்டுக்குள் வந்த தண்ணீர் முழுக்க வடிந்துவிட்டது, ஆனால் சுவரில் ஸ்விட்ச் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு நிற்கிறது, அம்மா சோடா உப்பு போட்டுத் தேய்த்தாள், துணி கிழிந்ததே தவிர கோடு போகவில்லை. பிரிட்ஜ் போய்விட்டது. மெத்தைகளைத் தெருவில் போட்டோம், தெரு முழுக்க எல்லார் வீட்டு மெத்தையும் கிடக்கிறது, அள்ள வேண்டிய வண்டி இன்னும் வரவில்லை. தினமும் போனில்தான் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனை எடுத்தால் அம்மா பக்கத்தில் வந்து காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள், அவள் இல்லாதபோதும் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். உன் அண்ணன் செத்தது எப்படி என்று உனக்குச் சொன்னதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். அதை எழுதித்தான் சொல்ல முடியும். நடுவில் நிறுத்தாமல் கடைசி வரை படி.

அன்று காலையில் ஊரில் பாதி பாலத்தடியில்தான் நின்றது, நானும் அண்ணனும் அங்கேதான் இருந்தோம். எதிரே பள்ளத்துத் தெரு முழுக்க மூழ்கி மாடிகளும் கூரைகளும் மட்டும் தெரிந்தன. உனக்குப் பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுத்த தையல்காரரும் அவர் மனைவியும் அவர்கள் வீட்டு ஓட்டின் மேல் உட்கார்ந்திருந்தார்கள், அவருக்கு ஒரு கால் விளங்காது, தெரியுமே. கடையிலிருந்து எடுத்துக்கொண்டு ஏறினாரோ என்னவோ, ஒரு சிவப்பு லைனிங் துணியை ஆட்டிக்கொண்டே இருந்தார். இந்தப் பக்கம் மீட்புக் குழுவின் இரண்டு ரப்பர் படகு, இஞ்சினோடு, லாரியிலிருந்து இறக்கி வைத்தபடி இருக்கிறது. இன்னும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத புதுப் படகு. ஆரஞ்சு ஜாக்கெட் போட்ட பையன்கள் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அதில் இரண்டு பேர் கண்ணில் தண்ணீரோடு இருந்தார்கள். அவர்களின் அதிகாரியைக் கேட்டால் நாங்க வெளியிலிருந்து வந்த குழு, இந்த ஊர் அதிகாரி சொல்லாம இறங்க முடியாது என்கிறார். ஊர் அதிகாரியைக் கேட்டால் பாலம் என் எல்லை, பள்ளத்துத் தெரு வேற எல்லை, மேலிடத்துப் பெரியவர் பார்வையிட வந்துகிட்டு இருக்கார், வந்ததும் உத்தரவு ஆயிடும் என்கிறார். பஞ்சர் ஒட்டக் கூப்பிட்ட ஆள் வந்து ஸ்பேனர் என்னுது, ஜாக்கி அவனுது, அவன் வரட்டும் என்று நிற்பது மாதிரி இருந்தது. எதிரே துணி ஆடிக்கொண்டிருக்கிறது. டீக்கடைக்காரர் அந்தப் பையன்களைப் பார்த்து, படகு மேல உக்காந்து அடைகாக்குறீங்களா, குட்டிப் படகு எப்ப வரும் என்று கேட்டார். ஜனம் சிரித்தது, அதற்கப்புறம்தான் கத்த ஆரம்பித்தது. வெயில் ஏறியது, பெரியவர் வரவில்லை. அண்ணன் என் சட்டையைப் பிடித்து இழுத்து, வாங்கப்பா கடைக்கு, நாமளே கட்டுவோம் என்றான்.

நம் டயர் கடை மேட்டில் இருப்பதால் முட்டி அளவுதான் தண்ணீர், சரக்கெல்லாம் மாடியில் காய்ந்தபடியே இருந்தது. கரண்ட் இல்லை, கம்ப்ரஸர் ஓடாது. அவன் லாரி டியூபுகளை எடுத்துப் போட்டான், நான் மரத்தடியில் பஞ்சர் ஒட்ட ஆரம்பித்த காலத்துக் கால் பம்பை எடுத்து மிதித்தேன், அவன் பெஞ்சுப் பலகையை மேலே வைத்து நைலான் கயிற்றால் கட்டினான். வீட்டிலிருந்து கடை மாடிக்கு வந்திருந்த உன் அண்ணி படியில் நின்று இரண்டு பேரும் என்ன செய்யறீங்க என்று கேட்டாள். அவன் கப்பல் கட்டுறோம், ஏறுறியா என்றான். அதுதான் அவளிடம் அவன் கடைசியாகப் பேசியது, அவள் அதை என்னிடம் சொல்லிச் சொல்லிக் காட்டுகிறாள். முதல் தடவை நன்றாகத்தான் போய் வந்தான். தையல்காரர் மனைவியைத்தான் முதலில் கொண்டுவந்தான், அவர் ஏறமாட்டேன் என்று மனைவியைத் தள்ளிவிட்டிருக்கிறார். கரையில் இருந்த ஜனம் கைதட்டியது. அவன் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, உடனே திரும்பிவிட்டான். பாதி வழியில், வாய்க்கால் தண்ணீர் வந்து சேர்கிற இடத்தில், இடது பக்க டியூப் வாயைப் பிளந்துவிட்டது. பலகை சாய்ந்தது, நான் பார்த்துக்கொண்டே நின்றேன், எதிரே ஓட்டின் மேலிருந்து தையல்காரரும் பார்த்திருக்கிறார். அதற்கப்புறம்தான் அந்த இரண்டு படகும் தண்ணீரில் இறங்கின, யார் உத்தரவு கொடுத்தது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. தையல்காரரைப் பத்திரமாகக் கொண்டுவந்தார்கள். அண்ணனைத் தண்ணீர் வடிந்த பிறகு மில் சுவர் ஓரமாக எடுத்தோம். இது வரை உனக்குத் தெரியும்.

தெரியாதது இதுதான். அந்த டியூப் பழசு. நம் கடையில் பழைய சரக்கு முன்னால் இருக்கும், புதுசு பின்னால் போகும், எடுக்கிறவன் முன்னாலிருந்துதான் எடுக்க வேண்டும், அப்போதுதான் எதுவும் தேங்கிக் கெடாது. நீயே லீவில் கடையில் நின்றபோது பின்னாலிருந்து எடுத்து என்னிடம் திட்டு வாங்கியிருக்கிறாய். அன்றைக்கும் அவன் கை முன் வரிசைக்குத்தான் போனது, பழகிய கை. ரொம்ப நாள் மடித்துக் கிடக்கிற டியூபில் மடிப்போடு வெடிப்பு விழும், ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தூவிய பவுடர் மேலே இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதற்காகத்தானே காற்றடித்துத் தொட்டித் தண்ணீரில் முக்கி, குமிழி வருகிறதா என்று பார்த்துக் கொடுக்கிறோம். உன் அண்ணன் அதில் எப்படி என்று உனக்குத் தெரியும். லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றாலும் சுற்றிச் சுற்றி முக்கிப் பார்ப்பான், அதனால்தானே நீ அவனுக்கு ஆமை என்று பேர் வைத்தாய், கடைத்தெருவே அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டது. அந்த ஆமை அன்று முக்கிப் பார்க்கவில்லை. காலடியிலேயே முட்டி அளவு தண்ணீர் இருக்கிறது, முக்க ஒரு நிமிஷம் ஆகாது. மிதித்தவன் நான், நானும் தடவிப் பார்க்கவில்லை. எதிரே துணி ஆடுவது நின்றுவிடுமோ என்பது மட்டும்தான் எங்கள் இரண்டு பேர் தலையிலும் இருந்தது. படகு நேரத்துக்கு இறங்கியிருந்தால் அவன் கடைக்கே வந்திருக்க மாட்டான். இன்னும் கொஞ்சம் நிதானம் கிடைத்திருந்தால் அவன் முக்கிப் பார்த்திருப்பான். அவர்களுடைய தாமதம் முழுவதையும் இவன் தன் தலையில் அவசரமாக வாங்கிக்கொண்டான், எனக்கு இது இப்படித்தான் படுகிறது.

இப்போது நடப்பதைக் கேள். ஊர் அதிகாரியின் ஆபீசிலிருந்து ஓர் அறிக்கை விட்டிருக்கிறார்கள், அனுமதி இல்லாமல் தரமற்ற சாதனத்தில் சென்றவர் உயிரிழந்தார் என்று. தாமதம் என்ற சொல்லே அதில் இல்லை. அதைப் படித்துவிட்டுக் கடைத்தெரு முழுக்க ஷட்டரை இறக்கி ரோட்டில் உட்கார்ந்தது, தையல்காரரையும் நாற்காலியோடு தூக்கிவந்து நடுவில் வைத்தார்கள், அவர் சிவப்புத் துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் விசாரணை வைக்கிறோம் என்று ஒத்துக்கொண்டார்கள், வரும் திங்கள்கிழமை என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்குள் வியாபாரிகள் சங்கத் தலைவர், நீ மைக் மாமா என்பாயே அவர்தான், வீட்டுக்கு வந்து வாசல் கதவைச் சாத்திவிட்டு, அண்ணே, அது புது டியூப்னு சொல்லிடுங்க, டப்பாவிலிருந்து அன்னைக்குத்தான் பிரிச்சோம்னு சொல்லுங்க, பழசுன்னு உங்க வாயால வந்துச்சுன்னா அவங்க அதோட ஃபைலை மூடிடுவாங்க என்றார். கிழிந்த டியூப் தையல்காரர் வீட்டுப் படியில் சிக்கிக் கிடந்தது, நான்தான் எடுத்துவந்து கடை மாடியில் வைத்திருக்கிறேன், அதைக் கொளுத்திவிடச் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் அன்று சரி என்பது போலத் தலையாட்டினேன், உன்னிடம் சொல்வதற்கென்ன. மறுநாள் மாடி ஏறினால் டியூப் இருந்த இடத்தில் இல்லை. உன் அண்ணி அதைக் கழுவிக் கொடியில் போட்டிருந்தாள், கழுவினதும் வெடிப்பு மடிப்போடு நேர்கோடாகத் தெரிந்தது. அவள் ஏழெட்டு வருஷமாக நம் வீட்டில் இருக்கிறவள், ரப்பரைப் பற்றித் தெரியாதவளா. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், மாமா, இதை எடுத்துட்டுத்தான் போகணும், இல்லேன்னா நான் எடுத்துட்டுப் போவேன் என்றாள்.

ராத்திரி பகலாக யோசித்தேன், வியாபாரியாகவும் யோசித்தேன், தகப்பனாகவும் யோசித்தேன், இரண்டும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது. லோடு இறங்கும்போது ஒரு டயரில் பொய் முத்திரை இருந்தால் வாங்குகிறவன் முழு லோடையும் திருப்பிவிடுவான், நானே திருப்பியிருக்கிறேன். புது டியூப் என்று நான் சொன்னால், என்றைக்காவது ஒருவன் ரப்பரைத் தொட்டுப் பார்த்துப் பொய் என்று நிரூபிப்பான், அதோடு சேர்த்துப் படகு நின்றதும் பொய், துணி ஆடினதும் பொய், பெரியவருக்காகக் காத்திருந்ததும் பொய் என்றாகிவிடும். ஆகவே டியூபைத் தோளில் போட்டுக்கொண்டு போகப்போகிறேன். பழசுதான், என் கடைப் பழக்கத்தால் முன்னால் இருந்தது, காற்றடித்தது நான், முக்கிப் பார்க்காதது நாங்கள் இரண்டு பேரும், எழுதிக்கொள்ளுங்கள் என்பேன். எழுதி முடித்ததும் உங்கள் படகில் என்ன குறை, எதற்கு அது மதியம் வரை மணலில் கிடந்தது, அதையும் இதே பக்கத்தில் எழுதுங்கள் என்பேன். எழுதாமல் எழுந்திருக்கமாட்டேன். எனக்குக் கத்தத் தெரியாது, உட்காரத் தெரியும், அது உனக்குத் தெரியும்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். நீ கம்ப்யூட்டரில் எழுதினதை அண்ணி எனக்குப் படித்துக் காட்டினாள், புத்தம் புது டியூபில் போன என் அண்ணன் என்று எழுதியிருக்கிறாய், ஆயிரக்கணக்கான பேர் அதை எடுத்துப் போட்டிருக்கிறார்கள். நீ யாரையும் ஏமாற்ற எழுதவில்லை, அண்ணன் பழசில் போயிருப்பான் என்று உனக்குத் தோன்றியிருக்காது, அவ்வளவுதான். திங்கள்கிழமைக்கு முன்னால் அதைத் திருத்து. நீயே உன் பேரில் திருத்து, வேறு யாரும் சொல்லி ஊருக்குத் தெரியக்கூடாது. திட்டுவார்கள், சொந்தக் கடைச் சரக்கே மகனைக் கொன்றது என்று எழுதுகிறவனும் இருப்பான், எவனுக்கும் பதில் எழுதிக்கொண்டு உட்காராதே, போனை அணைத்துவிட்டுப் படுத்துக்கொள். அம்மாவுக்கு டியூப் விஷயம் இன்னும் தெரியாது. அதிகாரி முன்னால் சொல்வது எனக்குப் பெரிதில்லை, இவளிடம் சொல்வதுதான் பெரிது. ஞாயிற்றுக்கிழமை நான் சொல்லிவிடுகிறேன், அதுவரை போனில் வாய் தவறிவிடாதே. சொன்ன பிறகு அவள் என்னோடு பேசாமல் இருந்தால் நீ அவளோடு கொஞ்சம் அதிகமாகப் பேசு.

விமானம் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது என்கிறார்கள், அதற்காக வேலையைப் போட்டுவிட்டு ஓடிவராதே, அண்ணனை எடுத்தபோது வரமுடியவில்லை என்று நெஞ்சில் வைத்துக்கொண்டு குமுறாதே, முறையாக லீவு வாங்கிக்கொண்டு வா, வந்தால் பத்து நாளாவது இரு. அழுதுகொண்டே வண்டி ஓட்டாதே. உன் அண்ணி இப்போது காலையில் என்னோடு கடைக்கு வருகிறாள், மாடியில் இருந்த டியூப் முழுவதையும் பிரித்து ஒவ்வொன்றாகக் காற்றடித்துத் தொட்டியில் முக்கிப் பார்க்கிறாள், விற்கிற அவசரம் இப்போது யாருக்கும் இல்லை, நானும் தடுக்கவில்லை. நீ நல்லபடியாக இருக்க வேண்டும், நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும், எங்கள் இரண்டு பேர் ஆயுசில் மிச்சம் இருப்பதும் உனக்கே வரட்டும்.

திருத்தும்போது பெரிதாக ஒன்றும் எழுதவேண்டாம். என் அண்ணன் போனது பழைய டியூபில், கரையில் நின்றது புதுப் படகு என்று எழுது. இரண்டையும் ஒரே வரியில் எழுது, பிரித்தால் பாதியை மட்டும் எடுத்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
கால் பம்பை இன்னும் உள்ளே எடுத்து வைக்காத உன் அப்பா