அத்தர் மணக்கும் லேப்டாப்

அன்பு மகள் ஹாதியாவுக்கு, கோவளத்திலிருந்து அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மாவும் சண்டை போடும் அளவுக்குத் தெம்பாக இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க துஆ செய்கிறோம்.

நீ காலேஜில் வைத்திருந்த லேப்டாப்பில்தானே அம்மா ஆன்லைனில் ஆரி வேலை கிளாஸ் எடுக்கிறாள், கொஞ்ச நாளாக அது ஊசி துணிக்குள் இறங்கும் நேரம் பார்த்து அப்படியே நின்றுவிடுகிறது. இன்னொரு தரம் நின்றால் நாவலூர் டீச்சரிடம் போய்விடுவேன் என்று முட்டுக்காட்டுப் பரிமளா சொல்லிவிட்டாள், அவள் போனால் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டுதான் போவாள். நல்லவேளை, மெமரியைக் கூட்ட நீ அனுப்பிய ரேம் அடுத்த கிளாசுக்கு முன்பே வந்துவிட்டது. சிறுசேரியில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு அப்துல் அஹதைக் கூப்பிட்டேன், நான் சாப்ட்வேர், மாமா, ஸ்க்ரூ டிரைவர் நம்ம டிபார்ட்மெண்ட் இல்ல என்று வாசலிலிருந்தே நழுவிவிட்டான். சரி, நாமே பார்ப்போம் என்று ஜும்ஆ முடிந்து வந்து உட்கார்ந்தேன். நல்ல காரியமாயிற்றே என்று, நம் கடையில் முதல் போணிக்கு முன் செய்வதுபோல இரண்டு கையிலும் அத்தர் தடவிக்கொண்டேன். அதே விரலால் பழையதைப் பிடுங்கி, புதியதன் தங்கப் பல் வரிசையைப் பிடித்துச் சொருகி ஆன் செய்தால் விளக்கு எரிகிறது, திரை மட்டும் இருட்டு. உன் அம்மா வந்து மோந்து பார்த்தாள். இன்னாங்க இது, மிஷினுக்கு நிக்காஹ்வா என்றாள். பேட்டரியைக் கழற்றினீர்களா என்று கேட்டாள், சார்ஜரைக் கழற்றியதைப் பெருமையாகச் சொன்னேன். பிறகு அவளே பேட்டரியை எடுத்து வைத்து, டிசைன் அழிக்கும் ரப்பரால் அத்தர் எண்ணெய் படிந்த அந்தப் பற்களைத் துடைத்து, சாய்வாகச் சொருகி அமுக்கினாள். பிரஸ் பட்டன் மாதிரிதாங்க, டிக்குன்னு சத்தம் வரணும் என்றாள். வந்தது, திரையும் வந்தது.

அன்று கிளாஸ் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. யார் ரிப்பேர் பண்ணது டீச்சர் என்று பரிமளா கேட்க, உன் அம்மா கூசாமல், எம் பொண்ணு மஸ்கட்லேந்தே சரி பண்ணிக் குட்த்தா என்றாள். பிறகு அவளிடம், நீதானே செய்தாய், சொன்னால் என்ன என்று கேட்டேன். நான்னு சொன்னா நீங்க அத்தர் கையால தொட்டுக் கெடுத்ததும் வெளிய வரும், அப்புறம் கிளாஸுக்கு எவ வருவா என்றாள். நியாயம்தான். பரிமளா இப்போது உன் நம்பரை வாங்கியிருக்கிறாள், அவள் வீட்டு லேப்டாப்பையும் அங்கிருந்தே சரி செய்யச் சொல்வாள். எனக்கு ஒன்றும் தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதே, அம்மாவின் கிளாஸ் இனி உன் வாயில்தான் இருக்கிறது.

தொழுகையை விடாதே, காபியைக் குடித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. அல்லாஹ் உங்கள் இருவருக்கும் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
கேமராவில் விழாத நாற்காலியிலிருந்து
உன் அத்தா, ஹமீது