உத்தரவு கேட்ட பேய்கள்

அன்பு அக்காவுக்கு,

தங்கை தோத்திரத்தோடு எழுதுகிறேன். உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பாய். இங்கே யாருக்கும் ஒன்றுமில்லை. உட்கார்ந்து படி, நல்ல செய்திதான்.

நான் மறுபடி துணி வெட்ட ஆரம்பித்துவிட்டேன்.

இரண்டு வருஷமாக நான் வெட்டவே இல்லை என்பது உனக்குத் தெரியாது. அம்மாவின் கத்தரிக்கோலை உன்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு கிளம்பிய அன்று, வாசலில் நின்று, "உன் கை வெட்டுற எந்தத் துணியும் உருப்படாது" என்றாய். இங்கே வந்து வெட்டிய முதல் பாவாடை நாலு விரல் குட்டை. அடுத்தது ஒரு கல்யாணப் பெண்ணின் உடுப்பு, கழுத்து கோணிப்போயிற்று. மூன்றாவது துணியை விரித்ததுமே, உன் சாபம் பேயாக வந்து என் கையில் ஏறிக்கொண்டது என்றே நம்பிவிட்டேன். கத்தரிக்கோலைத் தகர டப்பாவில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டேன்.

அன்றிலிருந்து தைப்பது நான், வேறொரு கத்தரிக்கோலால் வெட்டுவது என் வீட்டுக்காரர். பேருந்து ஓட்டுகிற மனுஷன். சாலையில் எவ்வளவு பெரிய வளைவையும் ஒடித்துத் திருப்புவார், துணியில் வளைவு வந்தால் நேராகப் போய்விடுவார். போன மாதம் போதகருக்குப் புது அங்கி. ஒரு பக்கம் மட்டும் பளபளப்பான துணி. இவர் அங்கியின் கைக்கான அளவு அட்டையைத் திருப்பிப் போடாமல் இரண்டு தடவை வெட்டிவிட்டார். இரண்டும் இடது கை. மறுநாள் ஆராதனை, மீதித் துணியும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அப்படியே தைத்துக் கொடுத்தேன்.

பாவம் போதகர், வலது கையை இடுப்புக்கு மேல் தூக்க முடியவில்லை. அந்தக் கோலத்தில்தான் அன்றைய வேதபாகத்தை வாசித்தார். ஒருவனைப் பிடித்திருந்த பேய்க்கூட்டத்தை இயேசு வெளியே போகச் சொல்கிறார். அவை பன்றிகளுக்குள் போகவாவது உத்தரவு கொடும் என்று கெஞ்சுகின்றன. நாம் சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதான். ஆனால் அன்றைக்கு, அங்கியின் அந்தப் பொருந்தாத கையையே பார்த்துக்கொண்டிருந்த எனக்குச் சுரீரென்றது. பன்றிக்குள் போகவே உத்தரவு கேட்டு நின்ற பேய்க்கு, என் கையைத் தொட எவன் உத்தரவு கொடுத்தான்? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த இவர், நான் அங்கியைப் பார்த்துச் சிரிக்கிறேன் என்று நினைத்துத் தொடையில் கிள்ளினார்.

மறுநாளே அதே துணியில் கொஞ்சம் வாங்கி, பரணிலிருந்து டப்பாவை இறக்கினேன். பயமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இருந்தது. இயேசுவே, நீர்தான் எஜமான் என்று சொல்லிக்கொண்டே வெட்டினேன். போதகர் அங்கிக்குப் புது வலது கை அச்சாக உட்கார்ந்தது. இவர் வந்து பார்த்துவிட்டு, "அப்ப என் வேலை போச்சா?" என்றார். அதற்குப் பிறகு பதினோரு துணி வெட்டிவிட்டேன். ஒன்றில் மட்டும் காலர் பிசகிவிட்டது. அரட்டை அடித்துக்கொண்டே வெட்டினேன். அது பேய் வேலை இல்லை, வாய் வேலை.

போன வாரம் தம்பி தொலைபேசியில் ஒன்று சொன்னான். அதனால்தான் உடனே எழுதுகிறேன். தங்கச்சியைச் சபித்த வாயால் எப்படி ஜெபிப்பது என்று, நீ கோயிலுக்கே போவதில்லையாமே. அக்கா, எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் கையைப் பூட்டி வைத்திருந்தேன், நீ வாயைப் பூட்டி வைத்திருந்தாயா? அத்தனை பேயை ஒரு வார்த்தையில் விரட்டியவருக்கு, நீ கோபத்தில் சொன்ன ஒரு வார்த்தை எந்த மூலைக்கு? நான் கேட்காமல் எடுத்ததும் தப்புதான். மன்னித்துவிடு.

கத்தரிக்கோலைத் தபாலில் அனுப்ப மாட்டேன். நீயே வந்து எடுத்துக்கொள். உனக்காக நீலத்தில் துணி வாங்கி மேஜையில் விரித்து வைத்திருக்கிறேன், இன்னும் வெட்டவில்லை. முதல் வெட்டு நீ வெட்டு. அதற்கு முன்னால் அந்த வாயால் ஒரு சின்ன ஜெபம் பண்ணு. ஆமென் நான் சொல்கிறேன்.

உன் சாபத்துக்குப் பயப்படாத, உனக்கு மட்டும் இன்றும் பயப்படுகிற,
உன் தங்கை